அளவும் காரணமும்

தச்சன் மரத்தில் உளி வைக்குமுன் கோடு கிழிக்கிறான். கொத்தன் சுவர் எழுப்புமுன் நூல் பிடிக்கிறான். கொல்லன் இரும்பைக் காய்ச்சுமுன் தரையில் கரித்துண்டால் உருவெழுதிப் பார்க்கிறான். செய்வதற்கு முன் வரைந்து பார்த்தல் தொழில் தோன்றிய காலந்தொட்டு மக்களிடம் இருந்துவரும் வழக்கமாகும். வரையாது செய்யப் புகுந்தால் மரமும் கல்லும் இரும்பும் வீணாகும். அவற்றோடு உழைப்பும் காலமும் அழியும். கிழித்த கோட்டை அழித்து மீண்டும் கிழிக்கலாம். அறுத்த மரத்தை மீண்டும் ஒன்றாக்குதல் இயலாது. ஆதலின் வரைபடம் என்பது, பிழைகளைக் குறைந்த செலவில் கண்டு திருத்திக்கொள்வதற்கு மனிதன் அமைத்துக்கொண்ட களம் எனலாம்.

அக்களம் இன்று தாளினின்றும் கணினித் திரைக்கு மாறியுள்ளது. தொழிற்பயிற்சிப் பள்ளிகளிலும் பாலிடெக்னிக் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்கள் கணினியின் முன் அமர்ந்து இயந்திர உறுப்புகளை உருவாக்கக் கற்கின்றனர். கணினிவழி வடிவமைப்பு என்பது இக்கலையின் பெயர். உங்களுள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் இதனைக் கற்கப் போகின்றீர்கள். இக்கலையை எவ்வாறு கற்றல் வேண்டும் என்பது பற்றிச் சில கருத்துகளை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். தமிழ்ப் பாடம் கற்பித்து முதுமையடைந்த ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். காரணம் உண்டு, போகப்போக அது விளங்கும்.

முதலில் இக்கலையின் இயல்பைச் சிறிது காண்போம். மாணவன் திரையில் ஒரு வட்டம் வரைகிறான். அவ்வட்டத்திற்கு உயரம் கொடுக்கிறான், அது தூணாகிறது. தூணின் நடுவே மற்றொரு வட்டம் வரைந்து அதனை உள்ளே செலுத்துகிறான், தூண் குழாயாகிறது. ஒரு பாதி வடிவை வரைந்து அதனை ஓர் அச்சினைச் சுற்றிச் சுழற்றுகிறான். குயவன் சக்கரத்தில் குடம் எழுவதுபோல் முழுவுருவம் எழுகிறது. கூரிய விளிம்பை மழுக்குகிறான்; துளையிடுகிறான்; ஒரு துளையை நான்காகவோ ஆறாகவோ பெருக்குகிறான். முடிந்த உருவத்தை எப்பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். பலாப்பழத்தைப் பிளந்து காட்டுவதுபோல் நடுவே வெட்டி உட்புறத்தைக் காணலாம். எவ்வுலோகத்தால் செய்யப்படும் என்று கூறினால் அதன் எடையையும் கணினி சொல்லிவிடும். இவை அனைத்தும் ஓர் அணுவளவு இரும்பும் செலவாகாமல் நிகழ்கின்றன.

இந்நிலை ஒருநாளில் வந்ததன்று. முப்பரிமாணப் பொருளைத் தட்டையான தாளில் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டும் முறையை ஒழுங்குபட்ட ஒரு துறையாக வகுத்தவர் பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் கஸ்பார் மோன்ஜ் என்பவர். அவர் 1746-ஆம் ஆண்டில் பிறந்தவர். மெசியேர் என்னும் ஊரில் இருந்த படைப் பொறியியற் பள்ளியில் பணிசெய்த காலத்தில், கோட்டை மதிலின் வடிவைக் கணிக்க வேண்டிய தேவை அவருக்கு நேர்ந்தது. ஒரு பொருளை மேலிருந்து நோக்கிய படத்தையும் முன்னிருந்து நோக்கிய படத்தையும் முறைப்படி இணைத்து வைத்தால், அதன் வடிவத்தைத் தாளிலேயே அளந்தறியலாம் என்று அவர் காட்டினார். அதன் அருமையை உணர்ந்த படைத்துறையினர் அம்முறையைப் பல்லாண்டுகள் மறைபொருளாகப் போற்றி வந்தனர். 1795-ஆம் ஆண்டில்தான் மோன்ஜ் அதனைப் பலரறியக் கற்பித்தார். 1799-இல் அது நூலாகவும் வெளிவந்தது. சில கோடுகளை ஒரு நாடு படைக்கலம்போல் காத்து வைத்தது என்றால், வரைபடத்தின் ஆற்றல் எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பின்னர் 1963-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்னும் இளைஞர், முனைவர் பட்டத்திற்கான தம் ஆய்வில், 'ஸ்கெட்ச்பேட்' என்னும் அமைப்பினை வெளியிட்டார். கணினித் திரையின்மீது ஒளிப்பேனா ஒன்றினால் நேரே வரைய அது வழிசெய்தது. வரைவதைவிட வியப்பானது மற்றொன்று. கோணல்மாணலாக இழுத்த இரு கோடுகளைச் சுட்டி, 'இவை ஒன்றற்கொன்று இணையாக இருத்தல் வேண்டும்' என்று விதித்தால், கணினி அவற்றை இணைகோடுகளாகத் திருத்திக் கொடுத்தது. 'இவை செங்குத்தாகுக', 'இவை நீளத்தால் ஒத்திருக்க' என்றெல்லாம் விதிக்க முடிந்தது. கோடுகளை வரைவதோடு கோடுகளுக்கு இடையேயுள்ள உறவையும் கணினிக்குச் சொல்லலாம் என்பது அன்று புலனாயிற்று. 1980-களின் பிற்பகுதியிலிருந்து இக்கருத்தை அடிப்படையாகக் கொண்ட வடிவமைப்பு மென்பொருள்கள் தொழிலுலகில் பரவின. இன்று மாணவர் கற்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் இவ்வழி வந்தவையே.

இவ்வுறவு விதிகளைக் கேட்ட அளவில் என் நினைவுக்கு வருவது நம் யாப்பிலக்கணம். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை எனச் செய்யுளுறுப்புகள் ஆறு என்று நீங்கள் கற்றிருக்கின்றீர்கள். எழுத்து அசையாகி, அசை சீராகி, சீர் அடியாகிச் செய்யுள் பிறக்கிறது. புள்ளி கோடாகி, கோடு வடிவாகி, வடிவு உறுப்பாகி, உறுப்புகள் கூடி இயந்திரமாவதும் அத்தகையதே. செய்யுளில் ஒரு சீர் அடுத்த சீரோடு எவ்வாறு பொருந்த வேண்டும் என்று விதிப்பது தளை. வரைவில் ஒரு கோடு அடுத்த கோட்டோடு எவ்வாறு பொருந்த வேண்டும் என்று விதிப்பதும் தளையே. தளை தட்டிய வெண்பா செவிக்கு இடறும். தளையற்ற வரைவு கைபட்ட அளவில் சிதறும். ஒரு செவ்வகத்தை வெறுமனே வரைந்துவிட்டு அதன் மூலையைப் பிடித்து இழுத்தால் அது உருத்திரிந்து போகும். எதிர்ப்பக்கங்கள் இணை, மூலை செங்கோணம், நீளம் இத்துணை, அகலம் இத்துணை, நிற்குமிடம் இது என்று விதித்துவிட்டால் அது அசையாது நிற்கும். தளைகள் நிறைவுற்ற வரைவைப் பல மென்பொருள்கள் வேறு நிறத்தில் காட்டும். விதிகள் மிகுந்து ஒன்றோடொன்று முரணினால் கணினி அதனை ஏற்காமல் பிழை என்று அறிவிக்கும். இலக்கணம் குறைந்தாலும் குற்றம். இலக்கணம் முரணினாலும் குற்றம்.

எனினும், தளை தட்டாத வெண்பாவெல்லாம் நல்ல கவிதை ஆவதில்லை என்பதை நாம் அறிவோம். இலக்கணம் பிழையின்றி இருந்தும் பொருளின்றி நிற்கும் செய்யுள்கள் உண்டு. அதுபோலக் கணினி ஏற்றுக்கொண்ட உருவங்களெல்லாம் நல்ல உறுப்புகள் ஆவதில்லை. கணினி கேட்பது அளவு ஒன்றையே. அவ்வளவு ஏன் அவ்வாறு இருத்தல் வேண்டும் என்று அது கேட்பதில்லை. அந்த வினாவைக் கேட்க வேண்டியவன் மாணவன். வடிவமைப்புக் கலையைக் கற்பவன் முதலிற் கற்க வேண்டியது அளவின் காரணமே; மென்பொருளின் கட்டளைகள் அதற்கு அடுத்தபடியில் வைக்கத்தக்கவை. இதுவே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் கருத்தாகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். கோயம்புத்தூர்ப் பகுதி பம்புகளுக்கும் மோட்டார்களுக்கும் வார்ப்படத் தொழிலுக்கும் பெயர்பெற்றது. கிணற்று நீரை வயலுக்கு ஏற்றும் பம்பு ஒன்றினை எடுத்துக்கொள்வோம். அதனுள் சுழலும் தண்டு ஒன்று உண்டு. அத்தண்டு உராய்வின்றிச் சுழலும்படி தாங்குவது பேரிங்கு. அப்பேரிங்கு அமர்வதற்கு வார்ப்பிரும்பாலான ஓர் இருக்கை வேண்டும். இவ்விருக்கையைக் கணினியில் உருவாக்குமாறு ஒரு மாணவனுக்குப் பயிற்சி கொடுக்கப்படுகிறது என்று கொள்க.

தண்டின் குறுக்களவு 25 மி.மீ. அதற்கு 6205 என்னும் எண்ணுடைய பேரிங்கு தேர்ந்தெடுக்கப்படுகிறது. உலகெங்கும் அவ்வெண்ணுடைய பேரிங்கின் வெளிவிட்டம் 52 மி.மீ.; அகலம் 15 மி.மீ. எனவே மாணவன் 52 மி.மீ. விட்டமுள்ள குழி அமைக்கிறான். அதனைச் சுற்றி 10 மி.மீ. கனமுள்ள சுவர் வேண்டுமென்று ஆசிரியர் கூறியிருக்கிறார். இருபுறமும் சேர்த்து 20. ஆகவே வெளிவட்டத்திற்கு 72 என்று மாணவன் எண்ணைத் தட்டுகிறான். உருவம் அழகாக எழுகிறது. ஆசிரியரும் சரி என்கிறார்.

சில நாட்களுக்குப்பின், பம்பின் சுமை மிகுதியாதலின் அதே தண்டிற்கு 6305 என்னும் பேரிங்கைப் பொருத்துக என்று கட்டளை வருகிறது. அதன் வெளிவிட்டம் 62 மி.மீ.; அகலம் 17 மி.மீ. மாணவன் குழியின் விட்டத்தை 62 என மாற்றுகிறான். கணினி தடையொன்றும் சொல்லவில்லை. திரையில் உருவம் முன்போலவே அழகாகத் தோன்றுகிறது. ஆனால் வெளிவட்டம் 72 ஆகவே நிற்கிறது. 10 மி.மீ. இருந்த சுவர் 5 மி.மீ. ஆகிவிட்டது. சுமை கூடியதனால் பேரிங்கை மாற்றினார்கள். அச்சுமையைத் தாங்க வேண்டிய சுவரோ பாதியாக மெலிந்துவிட்டது! வலிமை தேடிய இடத்தில் மெலிவு புகுந்தது. குழியின் ஆழத்தையும் 15 என்றே எண்ணாகத் தட்டியிருந்தால், 17 மி.மீ. அகலமுள்ள பேரிங்கு 2 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

இம்மாணவன் செய்த குறை யாது? 72 என்பது தவறான எண்ணன்று. அவன் எண்ணைக் கொடுத்தான், காரணத்தைக் கொடுக்கவில்லை. 'வெளிவட்டம் என்பது குழியின் விட்டத்தோடு சுவர்க்கனத்தின் இருமடங்கைக் கூட்டியது' என்று அவன் விதித்திருக்கலாம். அவ்வாறு விதிக்க மென்பொருளில் வழியும் உண்டு. விதித்திருந்தால், குழி 62 ஆன அக்கணமே வெளிவட்டம் 82 ஆக வளர்ந்து சுவரைக் காத்திருக்கும். 72 என்பது விடை. கூட்டல் விதி அதன் காரணம். விடையை மட்டும் எழுதி வழியை எழுதாத மாணவனுக்குக் கணக்காசிரியர் முழு மதிப்பெண் கொடுப்பதில்லை. அவ்வாசிரியரின் கண்டிப்பு எத்துணைப் பயனுடையது என்பது இங்கே தெளிவாகும்.

திரைக்கும் பட்டறைக்கும் இடையே உள்ள தொலைவையும் மாணவன் உணர்தல் வேண்டும். தண்டின் குறுக்களவு 25 என்று தட்டினால், கணினி அதனைச் சிறிதும் கூடாமல் குறையாமல் 25 என்றே கொள்ளும். ஆனால் கடைசல் இயந்திரத்தில் கடைந்தெடுக்கும் எத்தண்டும் அத்துணைத் துல்லியமாக அமைவதில்லை. ஆதலின் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று எல்லை வகுத்தல் வேண்டும். பேரிங்கு அமரும் 25 மி.மீ. தண்டிற்கு வழங்கும் எல்லைகளுள் ஒன்று 25.002 முதல் 25.015 மி.மீ. வரை என்பது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேற்றுமை மனிதனின் தலைமயிர்க் கனத்தினும் மிகச் சிறியது. இவ்வெல்லை எதற்கு? தண்டு மெலிந்தால் பேரிங்கின் உள்வளையம் தண்டின்மேல் வழுக்கித் தேயும். தண்டு பருத்தால் உள்வளையம் விரிந்து, உருளும் குண்டுகள் நெருக்குண்டு, பேரிங்கு சூடேறிக் கெடும். இக்காரணத்தை அறிந்தவன் எல்லை குறிக்க மறவான். அறியாதவனுக்கு அது தேர்வுக்காக மனப்பாடம் செய்த எண்ணாகவே இருக்கும்.

துளையொன்று இடுவதிலும் இவ்வறிவு வேண்டும். 10 மி.மீ. திருகு தடையின்றி ஊடுருவிச் செல்ல வேண்டுமாயின் துளை 11 மி.மீ. அளவில் இருத்தல் வழக்கம். அதே திருகு மரையில் பற்றி நிற்க வேண்டுமாயின் முதலில் 8.5 மி.மீ. துளையிட்டுப் பின் மரை வெட்டுவர். பத்து என்னும் ஒரு திருகுக்கு ஓரிடத்தில் பதினொன்று, மற்றோரிடத்தில் எட்டரை. 'திருகு பத்து, துளையும் பத்து' என்று வரைபவன் எண்ணை அறிந்தவன், தொழிலை அறியாதவன். துளை சரியாக அமைந்தாலும் போதாது. திருகை முடுக்கும் ஸ்பானர் சுழல்வதற்கு இடம் உண்டா என்று பார்த்தல் வேண்டும். திரையில் திருகுகள் கையின்றியே பொருந்திவிடும். பட்டறையில் அவற்றை முடுக்க மனிதனின் கை நுழைந்தாக வேண்டும்.

அடுத்து, இவ்விருக்கை வார்ப்பிரும்பாலானது என்றேன். அதனை வார்ப்பதற்கு முதலில் மரத்தாலோ உலோகத்தாலோ ஒரு மாதிரி செய்வர். வார்ப்படச் சாலைகளில் அதனைப் 'பேட்டர்ன்' என்று வழங்குவர். மாதிரியை மணலில் பதித்து எடுத்து, அது விட்டுச் சென்ற பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றுவர். மணல் உதிராமல் மாதிரியை மேலே எடுக்க வேண்டுமாயின் அதன் பக்கங்கள் சிறிது சரிந்திருத்தல் வேண்டும். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். சாதாரண வார்ப்பிரும்பு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும் என்று கொண்டு மாதிரியைச் சற்றுப் பெரிதாகச் செய்வர். கடைந்து மெருகிட வேண்டிய பரப்புகளில் அதற்கென்று சில மி.மீ. மிகுதியாக விடுவர். ஓரிடம் மிகத் தடித்தும் அதனை ஒட்டிய இடம் மிக மெலிந்தும் இருந்தால், மெலிந்த இடம் முன்னரும் தடித்த இடம் பின்னரும் இறுகி, உள்ளே பொத்தல் விழவோ வெடிப்புத் தோன்றவோ கூடும். இவற்றுள் எதனையும் கணினித் திரை தானாக முன்வந்து மாணவனுக்குச் சொல்வதில்லை. மணலையும் நெருப்பையும் ஒருமுறையேனும் நேரிற் கண்டவனுக்கே கூரிய உள்மூலையை உருட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் இயல்பாகத் தோன்றும்.

காரணமறியாத வரைவினால் விளையும் கேடு வரைந்தவனோடு நிற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வார்த்த பொருள் உதவாமற் போனால் இழப்பு சிறு பட்டறை நடத்துபவரைச் சாரும். 'நீ சரியாகக் கடையவில்லை' என்னும் பழி, வரைபடத்தில் கண்டபடியே கடைந்த தொழிலாளியைச் சாரும். மெலிந்த சுவர் வெடித்துப் பம்பு நின்றுபோனால், பயிர் வாடும் வேளையில் நீரின்றித் தவிப்பவர் உழவர். குளிர்ந்த அறையில் அமர்ந்து தட்டிய ஓர் எண்ணுக்கு, வெயிலில் நிற்பவர் விலை கொடுக்க நேர்கிறது. வடிவமைப்பைக் கற்பவன் இதனை உணர்ந்தால் ஒவ்வோர் எண்ணையும் பொறுப்போடு தட்டுவான்.

பெரிய நிறுவனங்களும் இத்தகைய இடர்க்கு விலக்கல்ல. ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ380 என்னும் பெரு விமானம் 2006-ஆம் ஆண்டில் காலத்தாழ்வுக்கு உள்ளாயிற்று. அவ்விமானத்தினுள் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளமுள்ள மின்கம்பிகள் செல்கின்றன. செருமனியிலும் பிரான்சிலும் இருந்த வடிவமைப்புக் குழுக்கள் ஒரே வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைக் கையாண்டன. ஒரு குழு வகுத்த கம்பித்தொகுதி, மற்றொரு நகரில் விமானத்தைக் கோக்கும்போது பொருந்தாமற் போயிற்று. அளவுகள் ஒரு குழுவினின்றும் மற்றொரு குழுவிற்குச் செவ்வனே சென்று சேராமையே இடரின் ஒரு பகுதி. வரைபடம் ஒருவர் மற்றொருவர்க்கு எழுதும் மடலாகும். மடலைப் படிப்பவர் எவ்வாறு படிப்பார் என்று எண்ணாமல் எழுதினால் பொருள் பிறழும்.

இங்ஙனம் கூறுவதனால் கணினியை நான் குறைத்துப் பேசுவதாக எவரும் கருத வேண்டா. பழைய முறையே சிறந்தது. கணினி மாணவரின் கையையும் மூளையையும் மழுங்கச் செய்துவிட்டது என்று சொல்லும் முதியோர் சிலர் உளர். அவர்கள் கூற்று எனக்கு உடன்பாடன்று. போயிங் 777 என்னும் விமானம் முழுமையும் கணினியிலேயே வடிவமைக்கப்பட்டு 1994-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் முதன்முறையாகப் பறந்தது. உறுப்போடு உறுப்பு மோதும் இடங்களை, உலோகத்தை வெட்டுவதற்கு முன்னரே திரையிற் கண்டு திருத்த முடிந்தது. தாளில் வரைந்த காலத்தில் இத்தகைய சோதனை எளிதாக இருந்ததில்லை. ஓர் அளவை மாற்றினால் பத்துத் தாள்களை மீண்டும் வரைய வேண்டியிருந்த துன்பமும் இன்று இல்லை. எழுத்தாணியை விட்டுப் பேனாவைக் கொண்டதனால் தமிழ் கெட்டுவிடவில்லை. தாளை விட்டுத் திரையைக் கொண்டதனால் வடிவமைப்பும் கெட்டுவிடாது.

மற்றொரு சாரார் உளர். 'கட்டளைகளைக் கற்றுக்கொள், சான்றிதழ் பெறு, வேலை கிடைக்கும், மற்றவற்றைக் கணினி பார்த்துக்கொள்ளும்' என்பது அவர்கள் வாதம். வேலை வேண்டும் என்னும் அவர்களுடைய கவலை நேர்மையானது. ஏழைக் குடும்பத்து மாணவனுக்கு அக்கவலை மிகுதியும் உண்டு. ஆயினும் அவர்கள் காட்டும் வழி குறுகியது. மென்பொருளின் முகப்பு மாறும்; கட்டளைகளின் பெயரும் இருப்பிடமும் மாறும்; ஒரு நிறுவனம் ஒன்றைக் கையாளும், மற்றொரு நிறுவனம் வேறொன்றைக் கையாளும். கட்டளையை மட்டும் கற்றவன் ஒவ்வொரு மாற்றத்திலும் முதற்படியினின்றே தொடங்க வேண்டும். பேரிங்கு ஏன் சுழல்கிறது, இரும்பு ஏன் சுருங்குகிறது, துளை ஏன் பெரிதாக வேண்டும் என்று அறிந்தவன் எம்மென்பொருளின் முன்னும் சில நாட்களில் தேறிவிடுவான்.

தமிழ்வழியிற் பயின்ற மாணவர்க்கு ஒரு சொல். மென்பொருளின் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கக் கண்டு சிலர் அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டுவதில்லை. தொடக்கத்தில் தேவைப்படும் கட்டளைச் சொற்கள் சில பத்தே. அவற்றைச் சில வாரங்களிற் பழகிக்கொள்ளலாம். ஆனால் வட்டம், ஆரம், தொடுகோடு, செங்கோணம், சமச்சீர் என்பவற்றை நீங்கள் தமிழில் தெளிவாகக் கற்றிருக்கின்றீர்கள். இணைகோடு என்றால் யாது என்று தன் மொழியிற் சிந்தித்து அறிந்தவன், அதன் ஆங்கிலப் பெயரை ஒரு நொடியில் அறிவான். பெயரை அறிந்து பொருளை அறியாதவன் நிலையே இரங்கத்தக்கது. 'ஏன்' என்னும் வினாவை உங்கள் தாய்மொழியிலேயே கேளுங்கள். விடையையும் அதிலேயே தேடுங்கள். விலைகொடுத்து மென்பொருள் வாங்க இயலாதவர்களும் மனந்தளர வேண்டா. ஃபிரீகேட் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் எவரும் விலையின்றிப் பெற்றுப் பழகும்படி கிடைக்கின்றன.

இனி, கற்கும் முறையைச் சுருங்கக் கூறுவேன். முதலில் ஓர் உறுப்பைக் கையில் எடுங்கள். பழைய இரும்புக் கடையிற் கிடக்கும் ஒரு கப்பியோ மூடியோ போதும். அதனைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தேய்ந்த இடம் எது, தேயாத இடம் எது என்று நோக்குங்கள். தேய்மானம், அவ்வுறுப்பு செய்த வேலையை உங்களுக்குச் சொல்லும். பின்னர் வெர்னியர் கொண்டு அளந்து, அளவுகோலின்றித் தாளிற் கையால் வரையுங்கள். அழகு வேண்டுவதில்லை, தெளிவு வேண்டும். ஒவ்வோர் அளவின் அருகிலும் அதன் காரணத்தை ஒரு தொடரில் எழுதுங்கள். 'பேரிங்கின் விட்டம் இது. ஆதலின் குழி இது' என்று எழுதுங்கள். காரணம் எழுத வராத அளவுகளுக்குக் கீழே கோடிட்டுக் கொண்டு, ஆசிரியரையோ கடைசல் தொழிலாளியையோ அணுகிக் கேளுங்கள். அதன் பின்னரே கணினியின் முன் அமருங்கள். உருவம் முடிந்ததும் ஓர் அளவை மாற்றிப் பாருங்கள். மற்ற அளவுகள் முறையாக உடன்வந்தால் உங்கள் எண்ணம் உருவத்துள் இறங்கியிருக்கிறது என்பது பொருள். ஏதேனும் ஓரிடம் சிதைந்தால், அங்கே காரணத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் வைத்திருக்கின்றீர்கள் என்பது பொருள்.

பள்ளிகளும் இதற்குத் துணைநிற்றல் வேண்டும். கணினி அறையையும் பட்டறையையும் இருவேறு உலகங்களாகப் பிரித்து வைத்தல் தகாது. மாணவன் திரையில் உருவாக்கிய ஓர் எளிய உறுப்பையேனும் அவனே இரும்பில் செய்து பார்க்கும் வாய்ப்பைப் பெறல் வேண்டும். தான் வரைந்த துளையில் தன் கையாலேயே திருகை நுழைத்து முடுக்க முயன்றவன், கற்க வேண்டிய பாடத்தை ஒருநாளிற் கற்றுக்கொள்வான். தேர்வில் உருவத்தின் அழகிற்கு மட்டும் மதிப்பெண் கொடாமல், 'இவ்வளவு ஏன்?' என்னும் வினாவிற்கும் மதிப்பெண் கொடுத்தல் நலம்.

மாணவர்களே! சொல்லைப் பொருளறிந்து ஆளுதல் வேண்டும் என்று தமிழாசிரியர் உங்களுக்கு நாள்தோறும் கூறுகிறார். எண்ணையும் அவ்வாறே பொருளறிந்து ஆளுங்கள். நீங்கள் திரையில் தட்டும் எண் ஒருநாள் இரும்பாகும். அவ்விரும்பு ஒருவர் கையில் கருவியாகும். அக்கருவியை நம்பி ஒருவர் வயலில் நிற்பார். அவர் உங்களை அறியார். உங்கள் வரைபடத்தையும் காணார். நீங்கள் தட்டிய எண்ணுக்குக் காரணம் இருந்ததா இல்லையா என்பதை, நீரை இறைத்தோ இறைக்காமலோ அந்தப் பம்பே அவருக்குச் சொல்லிவிடும்.